பனிக்கட்டியை உருக்கும் உப்புக்கு ஒரு பரீட்சை



கனடாவிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியிலும் குளிர்காலம் வந்துவிட்டால் சாலைகளின் மீது பனிக்கட்டி படிந்துவிடும். அதன்மேல் செல்லும் வண்டியில் பிரேக்கை அழுத்தினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். உயிருக்கே ஆபத்து விளையும். ஆகவே அங்கு சாலையைக் காப்போர் உப்பைத் தூவுகின்றனர். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சோடியம் குளோரைடுதான் அது. கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவையும் பயன்படுகின்றன. இவற்றுள் எது சிறந்தது என்பதை எவ்வாறு அறிவது? இன்று அதனையே ஆராய்வோம்.

முதலில், உப்பு பனிக்கட்டியை உருக்குவது எப்படி? தூய நீர் பூஜ்ய டிகிரியில் உறைகிறது. உப்புக் கலந்த நீரோ அதற்கும் கீழான குளிரில்தான் உறையும். பனிக்கட்டியின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஈரத்தில் உப்பு கரைந்து, உறையாத உப்புநீராகிறது. அந்த உப்புநீர் அருகிலுள்ள பனிக்கட்டியையும் கரைக்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். அதனைச் சாலையிலிருந்தும் காற்றிலிருந்தும் பனிக்கட்டி பெறுகிறது.

ஆனால் இந்த ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழ் 5 டிகிரி குளிரில் ஒரு கிராம் உப்பு ஏறக்குறைய 11 கிராம் பனிக்கட்டியை உருக்கவல்லது. 10 டிகிரிக்கு இறங்கினால் அது 6 கிராம் அளவிற்குக் குறைந்துவிடும். 21 டிகிரிக்கும் கீழே போனால் உப்பினால் பயனே இல்லை. மக்னீசியம் குளோரைடுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 33 டிகிரி. கால்சியம் குளோரைடுக்கு ஏறக்குறைய 50 டிகிரி.

இனி பரிசோதனைக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டில், அமெரிக்க நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் சார்பில் இத்தகைய சோதனை முறைகளைத் தொகுத்த கையேடு வெளிவந்தது. அதிலுள்ள முறை எளியது. வட்டமான, ஆழமில்லாத தட்டில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் நீரை உறையவைப்பார்கள். குறிப்பிட்ட குளிரில் தட்டை வைத்து, நிறுத்தெடுத்த ரசாயனத்தைச் சீராகத் தூவுவார்கள். 10, 20, 30, 45, 60 நிமிடங்களில், மருத்துவர் ஊசி போடப் பயன்படுத்துவது போன்ற குழலால் உருகிய நீரை உறிஞ்சி அளந்து, மீண்டும் அதே தட்டில் விட்டுவிடுவார்கள். ஏன் திரும்ப விடவேண்டும்? அந்த உப்புநீர்தான் தொடர்ந்து உருக்கும் பொருள். அதனை எடுத்துவிட்டால் சோதனையே கெட்டுவிடும் அல்லவா?

இங்கேதான் சிந்திக்கவேண்டிய செய்தி இருக்கிறது. கால்சியம் குளோரைடு கரையும்பொழுது வெப்பத்தை வெளிவிடும். எனவே தொடக்கத்தில் விரைந்து உருக்கும். சோடியம் குளோரைடு மெதுவாகத் தொடங்கும். ஆயினும், குளிர் கடுமையாக இல்லாதபொழுது, நேரம் செல்லச் செல்ல எடைக்கு எடை அதுவே மிகுதியாக உருக்கக்கூடும். பத்தாவது நிமிடத்தில் முதலிடம் பெற்றது கடைசியில் இரண்டாமிடத்திற்கு வரலாம். கடுங்குளிரிலோ முடிவு மீண்டும் மாறும். ஆகவே, எந்தக் குளிரில், எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாமல் 'இதுவே சிறந்தது' என்று கூறுவதில் பொருளில்லை.

மேலும், தட்டின்மீது வண்டிகள் ஓடுவதில்லை. வெயிலும் காற்றும் படுவதில்லை. இதனால் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பனிக்கட்டித் துண்டுகளையும் ரசாயனக் கரைசலையும் வெப்பம் புகாத குடுவையிலிட்டு, இயந்திரத்தால் ஆட்டிப் பார்க்கும் முறையை வகுத்தனர். அன்றியும், சாலையில் பனிக்கட்டி முழுவதும் உருகவேண்டியதில்லை. சாலையோடு அதற்குள்ள பிடிப்பு விட்டால் போதும். இயந்திரம் சுரண்டித் தள்ளிவிடும். ஆதலின் ரசாயனம் எவ்வளவு ஆழம் துளைக்கிறது, அடியில் எவ்வளவு பரவுகிறது என்பதற்கும் தனித்தனிச் சோதனைகள் உள்ளன.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். உப்புக் குறைந்தால் வண்டிகள் சறுக்கும். மிகுந்தால், உருகிய நீரோடு அது ஓடைகளையும் நிலத்தடி நீரையும் அடைந்து உவர்ப்பாக்கும். வண்டிகளையும் பாலங்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். தூவிய உப்பு மறைந்துவிடுவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. அளவை அறிந்து தூவுவதற்கு அளந்து அறிந்த உண்மை வேண்டும்.

நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். மூன்று தட்டுகளில் ஒரே அளவான பனிக்கட்டிகளை வையுங்கள். ஒன்றில் உப்பையும், மற்றொன்றில் அதே எடையுள்ள சர்க்கரையையும் தூவி, மூன்றாவதை வெறுமனே விடுங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை உருகிய நீரை அளந்து எழுதி, மீண்டும் அதே தட்டில் ஊற்றுங்கள். வெறும் தட்டு எதற்கு? அறையின் வெப்பத்தால் மட்டும் எவ்வளவு உருகிற்று என்பதை அது சொல்லும். அதனைக் கழித்த பிறகே உப்பின் உண்மையான வேலை தெரியும்.

நாளை எவரேனும் ஒரு பொருளைக் காட்டி 'இதுவே மேலானது' என்றால், 'எந்த நிலையில்? எவ்வளவு நேரத்தில்? எதனோடு ஒப்பிட்டு?' என்று பணிவோடு கேளுங்கள். இம்மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன் விஞ்ஞானத்தின் வாயிலில் அடியெடுத்து வைத்துவிட்டான்.