பழைய இயந்திரத்தின் இருமல்



பிள்ளைகளின் பிழைகளைத் திருத்துவதே நெடுங்காலம் என் தொழிலாக இருந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ நானே செய்த ஒரு பிழை. அது கணக்கிலோ இலக்கணத்திலோ நேர்ந்ததன்று. வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டும் பழைய இயந்திரமொன்றைப் பழுது பார்க்கையில் நேர்ந்தது. அதன் பயனாக ஓர் இளைஞன் எதிர்காற்றிலே மூன்று மணி நேரம் துடுப்பு வலித்துக் கரைசேர வேண்டியதாயிற்று.

வெளியிணைப்பு இயந்திரம் என்று நாம் வழங்கும் இக்கருவி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவில் மில்வோக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்றூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் தம் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைவலு; எடை 62 இறாத்தல். அவருக்கு முன்னரும் சிலர் இத்தகையவற்றைச் செய்ததுண்டு. ஆயினும் மக்களிடையே பெரிதும் பரப்பியவர் அவரே. 1950களில் இரண்டு உருளைகளை உடைய இயந்திரங்கள் பெருந்தொகையாக வெளிவந்தன. எவின்றூட் என்னும் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நின்றுவிட்டது. எனினும் பழையவற்றைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர்.

அத்தகைய இரட்டை உருளை இயந்திரம் ஒன்றை என் பழைய மாணவன் ஒருவன் என் வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்தான். அவனுடைய பாட்டனார் வாங்கியது. பல்லாண்டு காலம் கொட்டிலில் உறங்கியது. “ஐயா, ஓடுகிறது, ஆனால் இருமி இருமி ஓடுகிறது. வேகத்தைக் கூட்டினால் பாதி வலுத்தான் கிடைக்கிறது” என்றான். விஞ்ஞானம் கற்பித்தவர் இதனையும் அறிந்திருப்பார் என்பது அவனது நம்பிக்கை. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது.

இந்த இருமலின் பொருள் யாது? ஈரடிப்பு இயந்திரத்தில் அச்சு ஒருமுறை சுழலுந்தோறும் ஒவ்வோர் உருளையிலும் ஒருமுறை எரிபொருள் தீப்பற்ற வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால், ஒவ்வோர் உருளையிலும் நிமிடத்துக்கு 4,000 தீப்பொறிகள் வேண்டும். அவற்றுட் சில தவறினும், தாளந் தவறிய பாட்டுப்போல ஓசை குலைகிறது. அவ்வாறு தவறுவதற்கு மூன்று வாயில்களே உண்டு. தீப்பொறி பிறவாமை ஒன்று. எரிபொருளும் காற்றும் தக்க அளவிற் சேராமை ஒன்று. சேர்ந்த கலவை உருளையில் இறுக அமுக்கப்படாமை மற்றொன்று. இம்மூன்றையும் ஒவ்வொன்றாக வினாவி விலக்கினால் நோய் எங்கே இருக்கிறது என்பது தானே வெளிப்படும். இதனை நான் நன்கு அறிந்திருந்தும், அன்று செய்தது வேறு.

கீழுருளையின் தீப்பொறிச் செருகியை, அதாவது ‘பிளக்’கை, கழற்றிப் பார்த்தேன். அது பெற்றோலில் நனைந்து கறுத்திருந்தது. உடனே இரண்டு பிளக்குகளையும் மாற்றினேன். அத்தோடு நில்லாமல் காபரேற்றரைக் கழற்றி, அதன் நுண்துளைகளிற் படிந்திருந்த பழைய பெற்றோலின் பிசினை நீக்கினேன். புதிய பெற்றோலில் எண்ணெய் கலந்தேன். அக்காலத்து இயந்திரத்துக்கு 24 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் வேண்டும். எல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்தது. நீர் நிரப்பிய பீப்பாய் ஒன்றில் இயந்திரத்தைப் பூட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டோம். ஒரு விக்கலும் இல்லை. “குணமாயிற்று, கொண்டு போ” என்றேன்.

மறுநாள் மாலை அவன் தனியே கடலுக்குச் சென்றான். அரை மணி நேரம் நன்றாக ஓடிய இயந்திரம் மீண்டும் இருமத் தொடங்கிப் பின்னர் அடியோடு நின்றுவிட்டது. சோழகக் காற்று வீசிய இரவு அது. அவனுடைய தாயாரோடு நானும் இறங்குதுறையில் நின்றேன். அந்த அம்மா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் துடுப்பின் ஓசை கேட்டது. கரையேறியவன் கைகளிலே தோல் உரிந்திருந்தது. அவன் என்னைப் பார்த்து, “ஐயா, விடை கண்டபின் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருவீர்களே, இதை எப்படிச் சரிபார்த்தீர்கள்?” என்று கேட்டான். கோபத்தோடு கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டான். என்னிடம் விடை இருக்கவில்லை.

நேயர்களே, என் பிழைகள் இரண்டு. பலவற்றை ஒரே வேளையில் மாற்றியது முதலாவது. அதனால் எந்த மாற்றம் என்ன பயன் தந்தது என்பதை அறிய வழியில்லாமற் போயிற்று. இரண்டாவது, குளிர்ந்த இயந்திரத்தைச் சுமையின்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, சூடேறிச் சுமையிழுக்கும் இயந்திரத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறியது.

இம்முறை ஒழுங்காகத் தொடங்கினோம். வள்ளத்தை இறங்குதுறைத் தூணில் உறுதியாகக் கட்டி, சுழலி நீரைத் தள்ளும்படி இயந்திரத்தை ஓட்டினோம். இருபது நிமிடத்தில் இருமல் வந்தது. எந்த உருளை வேலை செய்யவில்லை? பிளக்குக்குச் செல்லும் கம்பியின் முனையைக் காப்பிட்ட குறட்டினாற் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரத்தின் உலோகத்தோடு சேர்த்தோம். மேலுருளையின் கம்பியைச் சேர்த்தபோது இயந்திரம் நிற்கப் பார்த்தது. ஆகவே அது உழைக்கிறது. கீழுருளையினதைச் சேர்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. ஆகவே அதுவே சோம்பேறி. இவ்வாறு செய்யும்போது கம்பியை வெறுவெளியில் தொங்கவிடலாகாது; போக வழியற்ற மின்சாரம் சுருளின் காப்பையே துளைத்துவிடும்.

இங்கே ஒரு செய்தியை நோக்குங்கள். இவ்வகை இயந்திரத்தில் இரண்டு உருளைகளுக்கும் காபரேற்றர் ஒன்றுதான். எரிபொருளிற் குறை இருந்தால் பெரும்பாலும் இரண்டு உருளைகளும் சேர்ந்தே தளரும்; கலவையிற் பெற்றோல் போதாவிட்டால் காபரேற்றர் வழியாகத் தும்மும். ஓர் உருளை மட்டும் தவறுகிறது, அதன் பிளக்கும் நனைந்திருக்கிறது என்றால், எரிபொருள் வந்து சேர்கிறது, எரியவில்லை என்பதே பொருள். முதல் நாளே இதனைச் சிந்தித்திருந்தால் காபரேற்றரைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

அடுத்து அமுக்கத்தை அளந்தோம். இரண்டு உருளைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே அந்த வாயிலும் அடைபட்டது. பின் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பூட்டினோம். குறை பிளக்கோடு மேலுருளைக்குச் செல்லவில்லை, கீழேயே தங்கிற்று. ஆகவே பிளக்கும் குற்றமற்றது. இனித் தீப்பொறியைப் பார்த்தோம். பெற்றோல் ஆவி இல்லாத இடத்தில், கையாற் பற்றாமல், கருவியில் வைத்தே இதனைப் பார்க்க வேண்டும். கால் அங்குல இடைவெளியை மேற்கம்பியின் பொறி நீல நிறமாகத் தாவிற்று. கீழ்க்கம்பியின் பொறி மங்கி மஞ்சளாக வந்தது, சிலவேளை வரவேயில்லை.

மேலே சுழலும் பாரச் சில்லை அதற்குரிய இழுவைக் கருவியாற் கழற்றினோம். சுத்தியலால் அடித்துக் கழற்றுவோர் அச்சையே கெடுப்பர். அந்தச் சில்லுக்குள் காந்தம் உண்டு. அதன் கீழே ஒவ்வோர் உருளைக்கும் ஒரு கம்பிச் சுருள், ஒரு சோடித் தொடுமுனை, ஒரு மின்னொடுக்கி என்பன உண்டு. தொடுமுனைகளைத் துடைத்து, அவற்றின் இடைவெளியை 0.020 அங்குலமாக, அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீற்றராக அமைத்து ஓட்டினோம். இருமல் நீங்கவில்லை. மின்னொடுக்கியை மாற்றி ஓட்டினோம். நீங்கவில்லை. மூன்றாவதாகச் சுருளைக் கூர்ந்து நோக்கினோம். அதன் மேற்காப்பு, கோடையில் வெடித்த வயல்போலப் பிளந்து கிடந்தது. அதனை மட்டும் மாற்றினோம். இருமல் நின்றது.

முதல் நாள் பீப்பாயில் அது ஏன் மறைந்திருந்தது? இறுக அமுக்கிய கலவையினூடே பொறி தாவுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். சுமையின்றி ஓடும்போது உருளைக்குட் செல்லும் கலவை குறைவு. நலிந்த சுருளும் ஒருவாறு சமாளிக்கும். சுமை கூடும்போது கலவை நிறைகிறது. தேவைப்படும் மின்னழுத்தமும் உயர்கிறது. அவ்வேளையில் சூட்டினால் சுருளின் வெடிப்பும் விரிந்துவிட்டால், மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் வெடிப்பின் வழியே ஒழுகிவிடுகிறது. பீப்பாயில் நான் கண்ட நலம் பொய்யன்று. ஆனால் அது பீப்பாய்க்கு மட்டுமே உரிய நலம்.

புதிய சுருளைப் பூட்டிய பின்னர், கட்டிய வள்ளத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். அதன்பின் மற்றொரு வள்ளம் துணைவரக் கரையோரமாகச் சென்று திரும்பினோம். அதற்குப் பின்னரே “கொண்டு போ” என்றேன்.

இப்பொழுது அவன் ஒரு சிறு கொப்பி வைத்திருக்கிறான். எந்த நாளில் எதை மாற்றினான், மாற்றியபின் எவ்வளவு நேரம் எந்தச் சுமையில் ஓட்டிப் பார்த்தான் என்று அதில் எழுதுகிறான். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பது அதன் முதற்பக்கத்தில் அவன் எழுதிய விதி. இரண்டாவது விதியை நான் எழுதிக் கொடுத்தேன்: இயந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் துடுப்பை வீட்டில் விட்டுச் செல்லாதே.