வாசலில் நிற்பவர்களுக்கும் ஒரு பதில்

பட்டம் பெற்று வைத்தியத் தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்களே,

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவன். எங்கள் குப்பங்களில் 'பாடு' என்றொரு ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. ஏரியில் இறாலும் மீனும் எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லையாதலால், நல்ல இடத்தை வலுத்தவன் பிடித்துக்கொள்ள இளைத்தவன் வெறும் படகோடு திரும்பும்படி ஆகிவிடக் கூடாதென்று, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலையிடலாம் என ஊரறிய முறைவைத்துத் தீர்மானித்துக்கொள்வார்கள். என் தகப்பனார் வெறுங்கையோடு கரையேறிய நாட்கள் உண்டு. ஆனால், 'எனக்கு ஏன் இல்லை?' என்று அவர் எவரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. காரணம் முன்னமே அவருக்குத் தெரியும். இந்த ஏற்பாடு குற்றமற்றதென்று நான் சாதிக்க வரவில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கில்லை என்பதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, சென்னையின் பெரிய மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்சுகள் வரிசையாகக் காத்து நின்றதை நாடே பார்த்தது. அத்தகைய வரிசையொன்றிலிருந்து, மூச்சுத் திணறும் கணவனை மடியில் சாய்த்துக்கொண்டு, எங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "டாக்டரய்யா, எடம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லட்டும், யார மொதல்ல உள்ள வுடறாங்க, எதனாலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே!" என்றாள். படுக்கை பத்து, நோயாளி நூறு என்ற சந்தர்ப்பத்தில் எல்லோருக்கும் இடம் தர எந்த வைத்தியனாலும் இயலாது. ஆனால் எந்த முறைப்படி தெரிவு நடக்கிறது, எவர் அதைச் செய்கிறார், மறுக்கப்பட்டவர் அடுத்து எங்கே போவது என்பவற்றைச் சொல்ல ஆக்ஸிஜன் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. பாடு தெரிந்த குலத்தில் வந்தவள் கேட்ட கேள்வி அது. பிழைத்தானா அவள் கணவன் என்று நீங்கள் கேட்பீர்கள், பிழைத்தான். ஆனால் அதனால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. அபாய நிலையில் வருபவரின் உயிரைக் காக்க முயல்வதே எந்த வைத்தியனுக்கும் முதற்கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே கூறிவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் சாசனத்தின் 17 உரிமைகளில் முதலாவது, தம் நிலையை அறியும் உரிமை. 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் மருத்துவமனைகளில் கொரோனா தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. பணம் கட்டும் ஜன்னலில் அந்த எண்ணை எழுதி ஒட்டாத இடத்தில் அந்த உத்தரவால் ஏழைக்கு என்ன பிரயோஜனம் இருந்திருக்கும்?



சொல்லாமல் விடுவதன் விளைவு வாசலோடு நிற்பதில்லை, இடுகாடு வரை போகிறது. பழவேற்காட்டில், பதினேழாம் நூற்றாண்டில் வந்து மடிந்த டச்சுக்காரர்களின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் கிடக்கின்றன. எங்கிருந்தோ வந்த அந்நியருக்கு எங்கள் மண் இடம் மறுக்கவில்லை. ஆனால் 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை நிபுணர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்த, அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் குமார் நள்ளிரவில் தம் கைகளாலேயே மண் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, கண்ணியமான அடக்கமும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று மாநில அரசு அவசரச் சட்டமும் கொண்டுவந்தது. கல்லெறிந்தவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. முறைப்படி மூடிய உடலைப் புதைப்பதால் அண்டை வீட்டாருக்கு நோய் பரவாது என்பதை அச்சம் பரவுமுன்னே அந்தத் தெருக்களில் நாம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

நீங்கள் பொன்னேரியிலோ, பழவேற்காட்டின் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மாநகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியிலோ வேலைக்குச் சேரும்போது, நோயாளர் சாசனம் தமிழில் வாசலில் தொங்குகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையேல் நீங்களே எழுதி மாட்டுங்கள். நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் வெளியே வந்து, காத்திருக்கும் உறவினரிடம் உள்ளே இருப்பவரின் நிலையைச் சொல்லுங்கள். அடுத்த கொள்ளைநோய் வரும்வரை அதற்காகக் காத்திராதீர்கள். இந்தத் திங்கட்கிழமையே தொடங்குங்கள்.