ஜேர்மனியில் ஒரு கோடைகாலம்

(சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இச்சங்கத்து உறுப்பினர்களாகிய நாங்கள் இருவர், 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் ஓகஸ்ட் மாத முடிவு வரை, ஜேர்மனி தேசத்தில் ஹாலே என்னும் நகரில் தங்கி அந்நாட்டு மொழியைப் பயின்று வந்தோம். கண்டதையும் கேட்டதையும் சபையிலே சொல்லவேண்டுமென்று செயலாளர் பலமுறை கேட்டுக்கொண்டார். பேசுபவர் ஒருவரேயாயினும் சொல்லப்படுவது இருவருடைய அனுபவம். மேல்நாட்டுப் பிரயாணம் என்றால் மாடமாளிகைகளை வருணிப்பது வழக்கம். அவற்றை நீங்கள் படங்களிற் பார்த்திருப்பீர்கள். நாங்கள் வேறு சில விஷயங்களைச் சொல்லுகிறோம்.

அந்த ஜூன் மாதம் எப்படிப்பட்டதென்று இங்கே யாருக்கும் நினைவூட்டவேண்டியதில்லை. பெற்றோல் இல்லாதபடியால் பெட்டிகளைத் துவிச்சக்கரவண்டிக் கரியரிற் கட்டிக்கொண்டுதான் புகையிரத நிலையம் போய்ச் சேர்ந்தோம். புலமைப்பரிசில் படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் போதுமாயிருந்தது. சாப்பாட்டுச் செலவு எங்களுடையது. யூரோ ஒன்று ஏறக்குறைய 370 ரூபாவாக இருந்த காலம் அது. இரண்டு யூரோ கொடுத்து ஒரு பாண் வாங்கும்போது மனம் தானாகவே பெருக்கிப் பார்த்துவிடும். பிறகு அந்தப் பாண் எப்படி இறங்கும்?

அங்கேயும் தட்டுப்பாடு இல்லாமலில்லை. உக்ரேன் யுத்தத்தினாற் சூரியகாந்தி எண்ணெய்க்கு முடை; ஓர் ஆளுக்கு இத்தனை போத்தல்தான் என்று கடைகளில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் வகுப்பு மாணவர் சிலருக்கு அது பெரிய அதிசயம். எங்களுக்கு அது ஊர்ச் சமாசாரம்.

சமையலறை பொதுவானது. அம்மா வறுத்து இடித்துத் தந்த மிளகாய்த்தூள் எங்களிடமிருந்தது. அதே மாடியில் மாத்தறையிலிருந்து வந்த சிங்கள மாணவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொச்சிக்காயும் தேங்காய்ப் பால்மாவும் இருந்தன. முதல் வாரத்திலேயே மூவரும் ஒரே அடுப்பிற் சமைக்கத் தொடங்கிவிட்டோம். நாங்கள் சைவம் என்றபடியால் அவர் கருவாட்டைத் தனிச் சட்டியில் வைத்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணியாகும். வீட்டிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்து, “விளக்கு வைச்சியளோ?” என்று கேட்பார். இங்கே நடுச்சாமம் நெருங்கியிருக்கும்; அங்கே யன்னலில் வெயில் நிற்கும்.

ஹாலே நகருக்கும் நமது மொழிக்கும் முந்நூறு ஆண்டுத் தொடர்பு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு இந்நகரிற் படித்தவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இங்கேயே அச்சாயிற்று. 1698இல் தொடங்கிய பிராங்கே தர்மஸ்தாபனம் இன்றும் இருக்கிறது. மரச்சட்டங்களால் ஆன நீண்ட கட்டடம். மேல்மாடியில் உலகமெங்கும் சேகரித்த ஏறக்குறைய 3,000 விசித்திரப் பொருள்கள். சுவடிச்சாலையில் நமது பனையோலை ஏடுகள். அப்பாதிரியார் வந்தது நம்மவரை மதம் மாற்றுவதற்கு, அதை மறைப்பதற்கில்லை. எனினும் நம்முடைய தெய்வங்களைப் பற்றி நம்மவரிடமே கேட்டறிந்து 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதை அச்சிடுவதற்கு ஹாலேயில் இருந்த மேலோர் இணங்கவில்லை. 1867இலேதான் சென்னையில் அச்சேறியது. ஒன்றை எதிர்ப்பதற்கும் அதை முதலிற் படிக்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் கொண்டுவந்த நமது நாவலர் பெருமானும் அதை அறிந்தவரே.

இனிப் பிரயாணத்துக்கு வருவோம். அந்தக் கோடையில் ஜேர்மன் அரசாங்கம் ஒரு புதுமை செய்தது. மாதம் 9 யூரோவுக்கு ஒரு ரிக்கற் வாங்கினால், நாடு முழுவதும் பிராந்தியப் புகைவண்டி, பஸ், திராம் எல்லாவற்றிலும் எவ்வளவு தூரமும் போகலாம். விரைவு வண்டிகளில் மட்டும் ஏற முடியாது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதங்களுக்கு மாத்திரம் இந்தச் சலுகை. ஏறக்குறைய 5 கோடியே 20 லட்சம் ரிக்கற்றுகள் விலைபோயின. நாங்கள் போன வண்டிகளில் நிற்க இடமில்லை. முகக்கவசத்தோடு, வாசலருகே பெட்டிமேல் உட்கார்ந்துதான் பல ஊர்களைப் பார்த்தோம். ஜேர்மனியில் வண்டி நொடி தவறாது என்று நமது ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அவ்வாண்டு நெடுந்தூர வண்டிகளில் மூன்றிலொன்று ஆறு நிமிடத்துக்கு மேல் பிந்தியது அவர்களுடைய கணக்கிலேயே இருக்கிறது.

பேர்லினில் எங்கள் மனத்திற் பதிந்தது பிறீட்றிக்ஸ்றாசே புகையிரத நிலையம். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும் கடவை அது. பக்கத்தில் ‘கண்ணீர் மாளிகை’ என்று பெயர்பெற்ற மண்டபம் இப்போது காட்சிச்சாலை. 1983 ஜூலைக்குப் பிறகு நம்மவர் ஆயிரக்கணக்கானோர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, இவ்வழியாகத்தான் மேற்குக்குப் போனார்கள். கிழக்கில் கடந்துபோக அனுமதி கிடைத்தது. மேற்கோ அந்தக் கோட்டை எல்லையென்று ஒத்துக்கொள்ளாதபடியால் அங்கே விசாவைப் பார்ப்பதில்லை. 1986 ஒக்ரோபரில் அந்த வழி அடைபட்டது. அதே நிலையத்தில், வயதுசென்ற ஓர் அம்மையார் குப்பைத் தொட்டியிற் கைவிட்டு வெறும் போத்தல்கள் எடுத்ததையும் கண்டோம். போத்தல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 25 சதம் வரை கிடைக்கும். செல்வம் மிகுந்த நாட்டிலும் அது ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

ஜூலை 9ஆந் திகதி சனிக்கிழமை. கொழும்பிலே ஜனாதிபதி மாளிகைக்குள் சனங்கள் புகுந்த செய்தியைச் சமையலறை மேசையிற் கைத்தொலைபேசியை வைத்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீச்சற் குளத்தில் ஆட்கள் குதிக்கும் படத்தைப் பார்த்து மற்ற நாட்டு மாணவர்கள் சிரித்தார்கள், அவர்களிற் பிழையில்லை. எங்களில் ஒருவருடைய தகப்பனார் அன்று மண்ணெண்ணெய் வரிசையில் மூன்றாம் நாள் நிற்கிறார். மாத்தறை நண்பருடைய தமையனார் பெற்றோல் வரிசையில் நிற்கிறார். மூவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாத முடிவில் ஹம் நகருக்குப் போகத் தீர்மானித்தோம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989இல் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 2002இற் கோயிலாக எழுந்தது. நகரின் ஓரத்திலே தொழிற்சாலைகளுக்கு நடுவே 17 மீற்றர் உயரக் கோபுரம். அருகே ஓடும் வாய்க்காலே தீர்த்தம். மாத்தறை நண்பரும் வருகிறேன் என்றார். விடியற்காலையில் ஏறி, பல வண்டிகள் மாறி, பிற்பகலிற் போய்ச் சேர்ந்தோம்.

மாலைப் பூசை முடிந்து வெளி மண்டபத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் வந்து ஊர் விசாரித்தார். எங்கள் ஊர்களைச் சொன்னோம். “இந்தத் தம்பி?” என்றார். “மாத்தறை” என்றோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிங்களத்திலே, தட்டித் தடுமாறி, நில்வளா கங்கைப் பாலத்தடியிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் பாதை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார்.

“பதினேழு வயதிலை மாமான்ரை சுருட்டுக்கடையிலை நிண்டனான். எண்பத்திமூண்டிலை கடை எரிஞ்சது. மாமா அதுக்குப் பிறகு கனகாலம் இருக்கேல்லை” என்று எங்களிடம் தமிழிலே சொன்னார். பின்பு அதையே நண்பருக்கும் சிங்களத்திற் சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, சொல்லாமல் மறைக்கவுமில்லை. நண்பர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு மூவரையும் தம் வீட்டுக்கு அழைத்துப்போய், முதல் தட்டை நண்பருக்கே வைத்தார்.

சாப்பிட்டபின் தம் கதையைச் சொன்னார். பேர்லின் வழியாக வந்ததும், வேலை செய்ய உத்தரவில்லாமல் முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்ததும், பின்பு உணவுச்சாலையிற் கோப்பை கழுவியதும், தாயாரின் செத்தவீட்டுக்குப் போக முடியாததும். வெளிநாட்டுக்கு வந்துவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். “வா எண்டும் சொல்லமாட்டன், வராதை எண்டும் சொல்லமாட்டன். படிக்கிற பிள்ளையள் படிக்கிற வழியாலை வாங்கோ. காணியை வித்து ஏசென்சிக்காரனிட்டைக் குடுத்துப்போட்டு வராதேங்கோ. அந்தக் கடனை நான் பதினொரு வருஷம் கட்டினனான்” என்றார்.

மறுநாள் திரும்பும் வண்டியில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தம் தகப்பனாரிடம் அந்தக் கடையைப்பற்றி விசாரிப்பதாகச் சொன்னார். விசாரிக்கவும் செய்தார். தகப்பனாருக்குக் கடை நினைவிருந்தது. சுருட்டு வாங்கத் தம் பாட்டனாரோடு சிறுவயதிற் போனதாகவும், இப்போது அவ்விடத்திற் கைத்தொலைபேசிக் கடை இருப்பதாகவும் மறுமொழி வந்தது. பெரியவருக்கு அதைத் தொலைபேசியில் அறிவித்தோம். “அப்பிடியோ” என்றார். பிறகு, “பேரன் வலு நல்ல பிள்ளை” என்றார்.

ஓகஸ்ட்டில் ஜேர்மனியிலும் இருள் வரத் தொடங்கியது. ருஷ்ய எரிவாயு குறைந்தபடியால் பேர்லினிலே ஏறக்குறைய 200 நினைவுச் சின்னங்களுக்கு இரவு வெளிச்சத்தை நிறுத்தினார்கள்; செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து அரசாங்க அலுவலகங்களை 19 பாகைக்கு மேற் சூடாக்கக்கூடாது என்று விதித்தார்கள். பனி விழ இன்னும் மாதங்கள் இருக்கும்போதே பேச்செல்லாம் இதுதான். நமது நாட்டிலே மின்சாரம் ஒரு நாளில் 13 மணி நேரம் நின்ற பிறகுதான் கணக்குப் பார்த்தோம். அவர்களுக்குப் பணமும் அதிகம், உண்மைதான்; ஆனால் நாட்காட்டியைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

போக விரும்பும் மாணவருக்குச் சில விவரங்கள். அங்குள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூற்றம்பேர்க் மாநிலத்தில் நம்மவர் போன்றோருக்கு 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு, ஓராண்டுச் செலவுப் பணத்தை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். நாங்கள் போன ஆண்டில் அது 10,332 யூரோ. 2024 செப்டெம்பர் முதல் 11,904 ஆயிற்று. பெரியவர் சொன்ன ஏசென்சிக்காரர் இதைச் சொல்வதில்லை. கோடைகால மொழி வகுப்புக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பங்களின் பிரதிகளையும், கொண்டுவந்த பாடநூல்கள் ஆறினையும் சங்க வாசிகசாலையில் ஒப்படைத்திருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் அங்கே இருப்போம், வந்து கேளுங்கள்.