மலையில் பருப்பு வேகாததற்கு யார் பொறுப்பு?

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அழுத்தத்தைப் பற்றியதும் அதை அளக்கும் பலவித அளவுகளைப் பற்றியதுமாகும். இது எஞ்சினீயர்களுக்கும் டாக்டர்களுக்கும் உரிய காரியமாயிற்றே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். உங்கள் வீட்டு அடுப்பிலும், தோட்டத்துப் பாக்டரியிலும், ஆஸ்பத்திரியிலும் அன்றாடம் நடக்கிற காரியம் எப்படி நமக்குச் சம்பந்தமில்லாததாகும்?

சமவெளியிலிருந்து ஊட்டிக்குக் குடிவரும் ஒரு பெண் முதல் நாள் உலையில் பருப்பைப் போடுகிறாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பருப்போ கல் மாதிரி கிடக்கிறது. உடனே ஒருத்தி மலைத்தண்ணீரின் குணம் என்கிறாள். இன்னொருத்தி, எல்லைத் தெய்வத்திற்குத் தேங்காய் உடைக்காமல் குடி புகுந்ததால் வந்த வினை என்கிறாள். தேங்காய் உடைத்த வீட்டில் பருப்பு சீக்கிரம் வெந்ததா என்று மட்டும் ஒருவரும் போய்ப் பார்ப்பதில்லை!

உண்மை என்னவென்றால், நம் தலைக்குமேல் இருக்கும் காற்றுக்கும் கனம் உண்டு. சமுத்திரக்கரையில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் அது 14.7 ராத்தல் கனத்தோடு அழுத்துகிறது. மேலே ஏற ஏற நமக்கு மேலிருக்கும் காற்று குறைவதால் அழுத்தமும் குறைகிறது. இதை 1648-ல் பாஸ்கல் என்னும் பிரெஞ்சுக்காரர், தம் தமக்கை கணவரை ஒரு மலைமேல் பாதரசக் குழாயோடு ஏறச் செய்து நிரூபித்தார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்திற்குமேல் இறங்கிற்று. நம் மலை ரயிலில் அதே குழாயோடு ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்தில் சுமார் 732 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம் ஊட்டியில் சுமார் 585-க்கு வந்துவிடும். அதாவது ஆறு அங்குலத்திற்குக் கொஞ்சந்தான் குறைவு. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஊட்டியில் ஏறத்தாழ 93-லேயே கொதிக்கிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. பருப்பு வேகாததன் ரகசியம் இவ்வளவுதான்.

இனி அளவுகளைப் பார்ப்போம். ஊட்டியின் காற்றழுத்தத்தைப் பாதரசம் 585 மில்லிமீட்டர் என்றும் சொல்லலாம், 23 அங்குலம் என்றும் சொல்லலாம். வானிலைக்காரர் 780 மில்லிபார் என்பார். பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் 78 கிலோபாஸ்கல் என்னும். பழைய எஞ்சின்காரர் சதுர அங்குலத்திற்கு 11.3 ராத்தல் என்பார். புது பாய்லர்காரர் சதுர செண்டிமீட்டருக்கு 0.8 கிலோ என்பார். எல்லாம் ஒன்றேதான். இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்கு 2.205 ராத்தல். ஒரு சதுர அங்குலத்திற்கு 6.45 சதுர செண்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 14.22. ஆகவே கிலோ கணக்கை 14.22-ஆல் பெருக்கினால் ராத்தல் கணக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பையனும் போடக்கூடிய கணக்கு! தண்ணீருக்கோ, ஓர் அடி உயரத்திற்கு 0.433 ராத்தல். பைக்காரா தண்ணீர் 1932 முதல் 3,000 அடிக்குமேல் குழாயில் இறங்கி மின்சாரம் தருகிறதே, அந்தக் குழாயின் அடியில் சதுர அங்குலத்திற்கு 1,300 ராத்தல், அதாவது சதுர செண்டிமீட்டருக்கு 91 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும் என்று இங்கேயே உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

ஆனால் பெருக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கிருந்து எண்ணிய அளவு என்று கேட்கவும் தெரியவேண்டும். 1979-ல் பசிபிக் சமுத்திரத்தில் அடித்த டிப் என்னும் புயலின் நடுவில் அழுத்தம் 870 மில்லிபாருக்கு இறங்கியது. ஊட்டியிலோ தினமும் 780! அப்படியானால் ஊட்டியில் நித்தியம் பிரளயமா? இல்லை. வானிலைக்காரர்கள் எல்லா ஊர்க் கணக்கையும் கடல் மட்டத்திற்குக் கொண்டுவந்த பிறகே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள்.

அதேபோல பாய்லர், டயர், குக்கர் இவற்றின் அழுத்தமானி, உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே காட்டும். மேட்டுப்பாளையத்தில் 30 ராத்தல் அடைத்த டயர், வெளிக்காற்று குறைந்ததனால், ஊட்டியில் 33-க்குக் கிட்டக் காட்டவேண்டும். ஆனால் 32 டிகிரி வெயிலிலிருந்து 15 டிகிரி குளிருக்கு வந்து ஆறினால் காற்று சுருங்கி, முள் திரும்பவும் 30-ஐ ஒட்டியே நிற்கும். மலை கூட்டியதைக் குளிர் கழித்துவிட்டது. இதைப் பார்த்து ஒன்றுமே மாறவில்லை என்று சாதிப்பவர்களும் உண்டு.

அளவின் பெயரைப் பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய சீமை இயந்திரங்களில் ராத்தல் கணக்கு. பிந்தியவற்றில் பெரும்பாலும் கிலோ கணக்கு. 10 ராத்தல் தாங்கும் பாத்திரத்தில் பழைய மானி கெட்டு, கிலோ மானி ஒன்றை மாட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “முள்ளைப் பத்துக்குக் கொண்டுவா” என்று மேஸ்திரி சொல்ல, தொழிலாளி அப்படியே செய்தால், உள்ளே 142 ராத்தல்! பாத்திரம் வெடித்தால் சாவது உத்தரவு போட்டவரல்ல, பக்கத்தில் நிற்பவன். பிறகு அவன் தலையெழுத்து என்று சொல்லி மாலை போட்டுவிடுவார்கள். “பத்து என்றால் எந்தப் பத்து?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, தோழர்களே. அது அவனுடைய உரிமை.

இப்போது குக்கரைப் பாருங்கள். அதன் குண்டு வெளிக்காற்றுக்குமேல் 15 ராத்தல் ஏறினால் தூக்கும். கரையில் 14.7-ம் 15-ம் சேர்ந்து 29.7 ஆகி, உள்ளே 121 டிகிரி. ஊட்டியில் 11.3-ம் 15-ம் சேர்ந்து 26.3-தான். சூடும் 117 டிகிரிதான். பருப்புக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. சில நிமிஷம் கூட வைத்தால் தீர்ந்தது.

ஆஸ்பத்திரிக் கத்தியும் கத்தரியும் அப்படியல்ல. 1907-ல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட இந்தக் குன்னூரில் கிருமி என்றால் என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. கருவிகளை நீராவிப் பெட்டியில் வைத்து 121 டிகிரியில் 15 நிமிஷம் வேகவைக்கவேண்டும் என்பது பொதுவான விதி. புஸ்தகத்தில் அதையே “15 ராத்தல், 15 நிமிஷம்” என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். கிருமிக்கு ராத்தல் தெரியாது. அது சாவது சூட்டினால். 121 டிகிரி வேண்டுமானால் குன்னூரில் முள் 17½-க்குச் சற்று மேலும், ஊட்டியில் ஏறத்தாழ 18½-லும் நிற்கவேண்டும். பெட்டி அவ்வளவு தாங்காதென்றால் முள்ளை ஏற்றக்கூடாது. நேரத்தைத்தான் கூட்டவேண்டும். புது இயந்திரங்கள் சூட்டைத் தாமே பார்த்து நடக்கின்றன. முள்ளைப் பார்த்து நடத்தும் பழைய மாதிரிப் பெட்டி எங்கேயாவது இருந்தால், அதில் வெப்பமானியும் உண்டா என்று கேளுங்கள். 15-க்கு நேராகப் போட்டிருக்கும் சிவப்புக் கோடு சமுத்திரக்கரையை நினைத்துப் போட்டது.