லி ஆற்றங்கரையில் வசந்த விழா
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சீன நாட்டின் தென்பகுதியில், சுவாங் இன மக்களின் தன்னாட்சிப் பகுதியாகிய குவாங்சியில், லி என்றோர் ஆறு ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள குய்லின் நகரிலிருந்து யாங்சுவோ என்னும் ஊர் வரை நீர்வழித் தொலைவு ஏறத்தாழ 83 கிலோமீட்டர். 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சீனரின் வசந்த விழாவாகிய புத்தாண்டை ஒட்டி, அவ்வழியே செல்லும் பேறு எனக்குக் கிட்டியது. ஆற்றின் அழகைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். ஆயினும் ஆற்றைக் காட்டிலும் அவ்விழாவே என் நெஞ்சில் மிகுதியாகத் தங்கிவிட்டது. ஆதலின் இரண்டையும் சேர்த்தே பேசுகின்றேன், பொறுத்தருள்க.

முதலில் மலைகள். நம் நாட்டு மலைகள் பெரும்பாலும் தொடராக எழுந்து நிற்பவை. அங்கோ சமநிலத்தின் நடுவே ஒவ்வொரு குன்றும் தனித்தனியே, செங்குத்தாக, கொலுப்படியில் வைத்த பொம்மைகளைப் போல நிற்கின்றது. எல்லாம் சுண்ணாம்புக் கல். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலடியில் படிந்த கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுட்கொண்டு, அக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்தது. கரைந்தது போக எஞ்சியவையே இக்குன்றுகள். அவற்றின் வயிற்றில் பெருங்குகைகளும் உண்டு. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலப்பகுதியையும் உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. சிங்பிங் என்னும் ஊருக்கருகே தோன்றும் காட்சி, சீன அரசின் 20 யுவான் நோட்டின் பின்புறத்தில் அச்சாகியுள்ளது. படகு அவ்விடத்தை அணுகியதும் பயணிகள் அனைவரும் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கோலத்தை என்னென்பேன்!

குளிர்காலத்தில் ஆற்றில் நீர் குறைவு; அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியும். குன்றுகளின் தலையை மூடுபனி மறைத்திருக்கும். மூங்கில் தெப்பத்தின்மேல் நீர்க்காகங்களோடு முதியவர் ஒருவர் நின்றார். பறவை பெரிய மீனை விழுங்காதபடி அதன் கழுத்தில் கயிறு கட்டி மீன் பிடிப்பது அவ்வாற்று மக்களின் பழந்தொழில். இன்று அது பெரும்பாலும் படம் எடுப்போருக்காக நடைபெறுகின்றது. மீனைவிடப் படத்திற்கு விலை மிகுதி போலும்!

கண்ணுக்கு இனிய அந்நிலம் வயிற்றுக்கு அத்துணை இனியதன்று. குன்றுகளுக்கிடையே விளைநிலம் குறைவு; மண்ணும் ஆழமற்றது. ஆகவே அங்குள்ளோர் பல்லாயிரவர் கிழக்கே குவாங்தோங் மாநிலத்து ஆலைகளுக்குப் பிழைக்கச் சென்றுள்ளனர். சீன நாடு முழுவதும் இவ்வாறு சிற்றூர்களிலிருந்து வேறு தொழிலுக்குச் சென்றோர், 2023ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, ஏறத்தாழ 29 கோடியே 75 இலட்சம் பேர். அவர்களுள் 17 கோடியே 65 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தம் வட்டாரத்தை விட்டே அகன்றவர்கள். வசந்த விழாவுக்கு 15 நாள் முன்னும் 25 நாள் பின்னுமாக 40 நாட்கள் அந்நாட்டில் பயணக் காலம் எனவே குறிக்கப்படுகின்றன. பொங்கலுக்கு இரயில் சீட்டுப் பெற நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அந்நாற்பது நாட்கள் எத்தகையன என்பது விளங்கும்.

முன்னாளில் சீட்டுக் கிடைக்காதோர் மோட்டார் சைக்கிளிலேயே புறப்பட்டனர். கணவன் ஓட்ட, மனைவி பின்னமர, மூட்டைகளை மழைத்தாளால் சுற்றிக் கட்டிக்கொண்டு, குளிர்மழையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாரைசாரையாகச் செல்வார்களாம். சாலையோரங்களில் பந்தல் அமைத்து அவர்களுக்குக் கஞ்சியும் இஞ்சி நீரும் இலவசமாக வழங்கினர். 2014ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் குய்லின் வழியே குவாங்சோ நகருக்கு அதிவேக இரயில் ஓடத் தொடங்கியதும் அவ்வணி சுருங்கலாயிற்று.

பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1958ஆம் ஆண்டின் குடும்பப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் அவரவர் ஊரோடு பிணைத்து வைத்தது. பின்னாளில் அக்கட்டு பலவிடங்களில் தளர்ந்தது உண்மையே. எனினும் பெருநகர்ப் பள்ளியில் வெளியூர்ப் பிள்ளைக்கு இடம் பெறுவது இன்றும் எளிதன்று. அதனால் பிள்ளைகள் பாட்டனார் பாட்டியாரிடம் வளர்கின்றனர். பெற்றோர் இருவரையும் பிரிந்து சிற்றூரில் இருக்கும் இத்தகைய சிறார் 2016இல் 90 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். 2018இல் ஏறத்தாழ 70 இலட்சமாகக் குறைந்தனர் என்கிறது அரசுக் கணக்கு.

சிங்பிங் அருகே ஒரு சிற்றூரில், வழிகாட்டியின் உறவினர் இல்லத்தில் விழாவுக்கு முதல்நாள் சென்றிருந்தோம். வாயிலின் இருபுறமும் நல்வாழ்த்து எழுதிய செந்தாள் ஒட்டியிருந்தனர். நற்பேறு என்னும் பொருளுடைய எழுத்தைத் தலைகீழாக ஒட்டுவதும் உண்டு. 'தலைகீழ்' என்பதற்கும் 'வந்தது' என்பதற்கும் அவர்கள் மொழியில் ஒலி ஒன்றே. இராவுணவில் முழுமீன் கட்டாயம். மீனுக்கும் மிகுதிக்கும் ஒலி ஒன்றாதலின் அதில் சிறிது மிச்சம் வைப்பர். பசைமிக்க அரிசியோடு பயத்தம்பருப்பும் இறைச்சியும் சேர்த்து இலையில் பொதிந்து வேகவைத்த பெரும் பொட்டலம் அப்பகுதியின் விழாப் பண்டம். மரக்கறி உண்பவனாகிய என்பொருட்டு அம்மூதாட்டி இறைச்சியின்றித் தனியே ஒன்று செய்து வைத்திருந்தார். நள்ளிரவில் வெடியோசை மலைகளில் மோதித் திரும்பிற்று. சீனவெடி என்று நாம் சொல்வது சும்மாவா!

அவ்வீட்டுப் பெண் ஓராண்டு கழித்து ஆலையிலிருந்து வந்திருந்தாள். மகனுக்குப் புதுக் காலணி வாங்கி வந்திருந்தாள்; சென்ற விழாவின்போது பார்த்த காலை மனத்திற்கொண்டு வாங்கியது. சிறுவனின் கால் அதனுள் நுழையவில்லை. பாட்டி சிரித்தார். சிறுவனும் சிரித்தான். தாய் மட்டும் அக்காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள்.

அரசு விடுமுறை அப்போது ஏழு நாள். 2025இல் எட்டு நாளாயிற்று. ஆறாம் நாள் காலை யாங்சுவோ செல்லும் பேருந்தில் ஏற அவ்வூரார் பலர் மூட்டைகளோடு நின்றனர். அம்மூதாட்டி ஒரு வாளியில் உமியை நிரப்பி, அதனுள் முட்டைகளைப் பொதிந்து, மகள் கையில் கொடுத்தார். பேரன் அன்று பழைய காலணியையே அணிந்திருந்தான். படகுத்துறையில் இருபது யுவான் நோட்டை உயர்த்திப் பிடித்த கூட்டம் மட்டும் சற்றும் குறையவில்லை.