கடலைப் பகிரத் தெரிந்த நமக்கு



ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் சாலமோன் அரசர் முன் வழக்காடியதை அரசர்கள் முதல் நூல் 3-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அரசர் வாளைக் கொண்டுவரச் சொன்னபோது ஒருத்தி குழந்தையை வெட்டச் சம்மதித்தாள். மற்றவளோ, பிள்ளை பிழைத்தால் போதும் என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தவளே தாய் என்று அரசர் கண்டுகொண்டார்.

கணவனும் மனைவியும் பிரிந்த வீடுகளில் அந்த வாள் இன்றும் இருக்கிறது. "பீஸ் எப்போ கட்டுவாருன்னு உங்கப்பாகிட்ட கேளு" என்று அம்மா அனுப்புகிறார். "அங்க யாரு வந்துட்டுப் போறாங்க?" என்று அப்பா விசாரிக்கிறார். எட்டு வயதுப் பிள்ளை தூதும் போகிறது, சாட்சியும் சொல்கிறது. வாய் திறந்தால் ஒருவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். திறக்காவிட்டால் மற்றவரின் கோபத்துக்கு ஆளாக வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் அறிவுரை மடலில், பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பிணைக்கைதி ஆக்கவே கூடாது என்று மன்றாடுகிறார். நீதிமன்றம் மணமுறிவு தரலாம். தாய் தந்தை என்ற உறவை எந்தத் தீர்ப்பும் முறிக்காது.

ஒத்துப்போகாதவர்கள் எப்படிச் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது? நம் கடலைப் பார்ப்போம். விசைப்படகும் நாட்டுப்படகும் மோதி, வலைகள் அறுந்த காலம் உண்டு. பிறகு வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்தோம். மனத்தாங்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் யாருக்கு எந்த நாள் என்று தெரியும்.

பிள்ளைக்கும் அப்படி ஒரு முறை வைப்போம். அப்பா கடலுக்குப் போகாத நாள்களில் ஒன்றை அவருக்கென்று குறிப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. அதில் சில வாரங்கள் பிள்ளை அப்பாவோடு இருக்கட்டும். பணம், படிப்பு, மருத்துவம் பற்றிப் பெரியவர்களே நேரில் பேசுவோம். நேரில் பேசினால் சண்டை வருமென்றால், இருவரும் மதிக்கும் ஒருவர் வழியாகப் பேசுவோம். பிள்ளை வழியாக வேண்டாம். மற்றவரைப் பற்றிய கசப்பைப் பிள்ளையின் காதில் ஊற்ற வேண்டாம்.

அடி உதைக்குப் பயந்து பிரிந்தவர்களைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. எளியவரையும் பிள்ளைகளையும் காக்கப் பிரிவு தேவைப்படும் நேரங்கள் உண்டு என்று அதே மடல் ஏற்கிறது. அங்கே பாதுகாப்பே முதலில்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. மறைக்கல்வி வகுப்பில் எல்லார் முன்னும் "அப்பா ஏன் வரல?" என்று கேட்காதிருப்போம். மணமுறிவு பெற்று, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் நற்கருணைக்குத் தகுதியற்றவர் என்று நாமாகத் தீர்ப்பிடாதிருப்போம். திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. புதுநன்மை நாளில் அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் உட்காரட்டும். பீடத்திலிருந்து திரும்பும் பிள்ளை இரண்டு முகங்களையும் பயமின்றிப் பார்க்கட்டும்.

ஆண்டவரே, எங்கள் கையிலிருக்கும் வாளைக் கீழே வைக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.