கடல் அனுப்பும் அறிவித்தல் மலைக்கும் வந்து சேரவேண்டும்

(மாத்தளையில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மலை சூழ்ந்த மாத்தளையிலே நின்று கடலைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ரத்தோட்டையின் மிளகுக் கொடிக்கும், தம்புள்ளையின் வெங்காயப் பாத்திக்கும் பெய்யும் மழை எங்கே பிறக்கின்றது? கடலிலேதான். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வெப்பமுற்று, சுமாத்திரா ஓரம் குளிர்ந்திருக்கும் ஆண்டுகளில், ஐப்பசி கார்த்திகையில் நம் நாட்டிலே மழை மிகுவது வழக்கம். 1999ஆம் ஆண்டில் அறிவியலாளர் இதற்கு இருமுனை நிலை எனப் பெயரிட்டனர். ஆகவே, கடலின் வெப்பத்தை அளப்பவன் நம் பெரும்போகத்தையே அளக்கின்றான்.

அவ்வாறு அளக்கும் பணி இன்று நடைபெறுகின்றது. இந்து சமுத்திர நாடுகள் 2002ஆம் ஆண்டில் மொரீசியசிற் கூடிக் கடல் அவதானிப்புக்கென ஒரு கூட்டமைப்பைக் கண்டன. நங்கூரமிட்ட மிதவைகள் நடுக்கடலிலே காற்றையும் வெப்பத்தையும் குறிக்கின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், பத்து நாளுக்கொருமுறை 2,000 மீற்றர் ஆழத்திலிருந்து எழுந்து வந்து செய்தி சொல்கின்றன. கருவி பேசுகின்றது, கேட்கவேண்டியவன் காதில் அது விழுகின்றதா என்பதே என் கேள்வி.

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவில் எழுந்த பேரலை நம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. எச்சரிப்பதற்கு ஓர் ஒழுங்கு அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இந்நாட்டில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால், நிலநடுக்கத்திற்கு மிக அண்மையிலிருந்த சிமெலுவே தீவிலே மாண்டோர் ஒரு சிலரே! 1907ஆம் ஆண்டின் பேரலையைப் பாட்டன் பேரனுக்குச் சொல்லி வந்தான். நிலம் அதிர்ந்ததும் அவர்கள் மேட்டுக்கு ஓடினர். கருவியின்றியும் கல்வி காத்தது. கல்வியின்றிக் கருவி காக்குமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளையும் கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் மண்சரிவால் நொந்தன. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலிலே பிறந்த புயல் மலையிலே மனிதரைப் புதைத்ததை நாம் கண்ட பின்னரும், கடல் நமக்கு அந்நியம் என்று சொல்லலாமா?

நான் சட்டம் படித்தவன். அழைப்பாணை ஒருவனிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்படாமல் அவனுக்கெதிராகத் தீர்ப்புச் சொல்வது நீதியன்று. மலை சரியுமுன் வரும் எச்சரிக்கையும் ஓர் அறிவித்தலே. விளங்காத மொழியில் வந்த அறிவித்தல் சேர்ப்பிக்கப்படாத அறிவித்தல்! தமிழும் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகின்றது. சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடத்திலும் உத்தியோகத்தரிடமிருந்து தமிழிற் செய்தி பெற எவருக்கும் உரித்துண்டு என அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. நாம் கேட்பது சலுகையன்று. எழுதி வைத்த உரிமை.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். ஒன்று: பெரும்போகம் தொடங்குமுன் கமநல சேவை நிலையங்களில் அவ்வாண்டின் கடல் நிலையும் மழை எதிர்பார்ப்பும் தமிழிலும் விளக்கப்படவேண்டும். இரண்டு: தோட்டப் பாடசாலை உட்பட ஒவ்வொரு பாடசாலையிலும் மழைமானி வைத்து, மாணவரே அளந்து எழுதப் பழக்கவேண்டும். மூன்று: ஒவ்வொரு லயத்திலும் எச்சரிக்கையைத் தமிழிற் பெற்று வீடுவீடாகச் சொல்லப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், வெளியேறும் வழியை வெயில் நாளிலேயே நடந்து பழகவேண்டும்.

அரசாங்கத்தை மட்டும் குறை கூறி நாம் வீடு திரும்பலாகாது. படித்தவர்களே! ஆசிரியரும் பொறியியலாளரும் வைத்தியரும் வழக்கறிஞரும் மாதத்தில் ஒருநாளை இப்பணிக்குத் தாருங்கள். மாசிமகத் தேர் பார்க்க முத்துமாரியம்மன் வீதியிலே திரளும் மக்களுக்கு ஒரு பந்தல் அமைத்து இதை விளக்க நம்மால் முடியாதா? கமக்காரர்களே! விளங்காததைக் கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்பவன் இருந்தாற்றான் சொல்பவன் வருவான்.

அடுத்த கார்த்திகை மழைக்குமுன் நம் பங்கைச் செய்து முடிப்போம்.